விழாவுக்கு முன் ஒரு டி.சி.

சேவியர் கண்ணு,

போன் செய்தால் நீ எடுப்பாய், தெரியும். "சொல்லுங்கம்மா" என்பாய். நான் ஆரம்பிப்பதற்குள் யாராவது உன் அறைக் கதவைத் தட்டுவார்கள், "அப்பறமா கூப்புடறனுங்கம்மா" என்று வைத்துவிடுவாய். இந்த வாரம் முழுக்க இதே கதைதான். மேடை போடுகிறவர், மைக் செட்காரர், ஆயர் இல்லத்திலிருந்து பேசுகிறவர் என்று எல்லோருக்கும் உன்னிடம் நேரம் இருக்கிறது, பெற்றவளுக்கு மட்டும் இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கப்போவதில்லை. நாளைக் காலையில் மாப்பிள்ளை குன்னூர் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நேற்று மத்தியானம் உன் அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெண் கோத்தகிரிக்கு வந்தாள். செல்வி என்று பெயர். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், உன்னிடம் பிளஸ் டூ படிக்கும் நிஷாந்தினியின் அம்மா. தலைமை ஆசிரியரின் தாயார் இங்கே இருக்கிறார், அவரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரை நாள் கூலியோடு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்; அதைத்தான் எஸ்டேட்டில் அரைப் பேர் என்பார்கள். அவளுடைய பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், அந்த ஊர்ப் பேச்சு இன்னும் இவள் வாயில் இருக்கிறது. "அரைப் பேரோட ஓடியாந்துட்டேங்க டீச்சர். எம் புள்ளய நீங்கதான் காப்பாத்தணும்" என்றாள். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாளே தவிரக் குடிக்கவில்லை. நடுவில் ஒரு நாள் நீ போனில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்ததை அவள் முழுசாகச் சொன்னாள்.

பள்ளிக்கூட ஜூபிலி விழாவுக்காக மைதானத்தில் நடனப் பயிற்சி நடந்ததாம். திடீரென்று மழை வந்து பிள்ளைகள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். நிஷாந்தினியின் சுவெட்டர் ஈரமாகிவிட்டது. அவள் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பறையில் காய்ந்து கிடந்த தன் சுவெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை விளையாட்டுக்குப் படம் எடுத்தது, அது கைமாறிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது, அங்கே பெரியவர்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். விழாவுக்கு ஆயர் வருகிறார், பேர் கெட்டுப்போகும் என்று தாளாளர் சிஸ்டர் பயந்தார். பையனை நீ கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டாய். அவன் இன்னும் விழா நாடகத்தில் நடிக்கிறான். அவளுக்கு மட்டும் டி.சி. திங்கட்கிழமை அம்மாவும் பெண்ணும் வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

இதில் நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்து. செல்வி ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. "அந்தப் பையனோட அது பேசும் டீச்சர், நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். வயசு அப்படி. தப்புன்னா நானே நாலு போடு போடுறேன். ஆனா குளுருக்கு ஒரு சுவெட்டர் போட்டதுக்குப் படிப்பையே நிப்பாட்டணுமாங்க?" என்று கேட்டாள். பொதுத்தேர்வு நாலு மாதத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் டி.சி. வாங்கிய பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? அவள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போவாள், பக்கத்து வீட்டுக்காரிகள் ஏன் என்று கேட்பார்கள், பதிலை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பொங்கலுக்குள் யாராவது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நீயும் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன்தான், உனக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

நீ போனில் சொன்னாய், "அந்தப் புள்ளையோட நல்லதுக்குத்தானுங்கம்மா." அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய். உனக்கு மறந்திருக்காது, மறந்ததுபோல இருக்கப் பழகிவிட்டாய். அதனால் நானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்தப் பள்ளிக்கூடம் கன்னியர் நடத்திய வெறும் பெண்கள் பள்ளிக்கூடமாக இருந்த காலம். அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பையன்களையும் சேர்க்கலாம் என்று முடிவானபோது எந்தப் பெற்றோரும் தன் மகனை முதலில் கொண்டுவரத் தயாராக இல்லை. டீச்சர்களே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவரட்டும் என்றார் தலைமைச் சகோதரி. நான் உன்னைக் கொண்டுபோனேன். உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர்ல ஒவ்வொருத்தனும் பொண்ணுங்க ஸ்கூல் பக்கம் போவாதடான்னு பையனை மெரட்டிட்டு இருக்கறான். நீ என்னடான்னா கொண்டுபோயி உள்ளாறயே உடுற" என்றார். நீ அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பூ வைக்காத குறைதான் என்று தெருப் பையன்கள் உன்னைக் கேலி செய்ததாக அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் ஒரு கை விரலில் அடங்கும் பையன்கள், சுற்றிலும் பெண்கள். பையன்களுக்கென்று கழிப்பறையே கிடையாது, தோட்டக்காரர் அறைக்குப் பின்னால் இருந்ததைத்தான் திறந்துவிட்டார்கள். கணக்கு எடுத்த சிஸ்டருக்கு ஆயுசு முழுக்கப் பெண்களையே மிரட்டிப் பழக்கம். அந்த வருடம் பூராவும் உன்னையும் "ஏண்டி, கணக்கு போட்டியாடி?" என்றே கேட்டார். நீ வீட்டுக்கு வந்து அதை நடித்துக்காட்டுவாய், உன் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். இந்தக் கதையெல்லாம் நீ விழாவில் பேசப்போவதாகக் கேள்விப்பட்டேன். பேசு, எல்லோரும் சிரிக்கட்டும். ஆனால் அந்த மணியைப் பற்றியும் பேசுவாயா?

சாயங்காலம் அங்கே இரண்டு மணி அடிக்கும். முதல் மணி பெண்களுக்கு. அவர்கள் கிளம்பிப் பாதையில் இறங்கிப் பஸ் ஸ்டாப் போய்ச் சேரும்வரை பையன்களைக் கோயிலில் உட்காரவைத்து ஜெபமாலை சொல்லச் சொல்வார்கள். ரோட்டில் இரு தரப்பும் சேர்ந்து நடந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிஸ்டர்கள் யோசித்துக் கண்டுபிடித்த வழி. உங்களில் இரண்டு பேர் படுகர் வீட்டுப் பிள்ளைகள், ஒருவன் சாயபு வீட்டுப் பையன். எல்லோருக்கும் அருள்நிறை மரியே தலைகீழாகத் தெரியும். உன் அப்பா கேட்பார், "என்னடா, பொண்ணுங்ககிட்ட இருந்து இன்னிக்கும் மாதா உன்னையக் காப்பாத்திட்டாங்களா?" நாங்கள் டீச்சர்களும் அதைப் பெரிய ஏற்பாடாக நினைத்தோம். பையன்கள் பத்திரமாகக் கோயிலுக்குள் இருக்க, பெண்கள் பனிமூட்டத்தில் அந்தக் காட்டுப் பாதையில் தனியாகப் போகிறார்களே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிலோமினாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு உன்னை அவமானப்படுத்த மாட்டேன். பத்தாம் வகுப்பில் உன்னோடு படித்தாள். அவள் அப்பா எஸ்டேட் லாரி டிரைவர், நம் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். கட்டுரை நோட்டில் அவள் எழுத்தைப் பார்த்தால் எனக்கு மறு பக்கமும் படிக்கத் தோன்றும். அன்று எதிரில் ஆள் தெரியாத அளவுக்குப் பனி. பெண்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், இவள் கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். பாதை திரும்பும் இடத்தில் காட்டெருமை நின்றது. பயந்துபோய் மேலே ஓடிவந்து மாதா சிலை இருக்கிற கெபியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஜெபமாலை முடிந்து நீ வெளியே வந்தாய். மற்றப் பையன்கள் ஓடிவிட்டார்கள். நீ அவளைப் பார்த்தாய், என்ன என்று கேட்டாய், காட்டெருமை போகும்வரை கூடவே நின்றாய். அப்புறம் உன் குடையில் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை நடந்தாய். அவ்வளவுதான் நடந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் அது பங்கு முழுக்கப் பரவியிருந்தது. சேர்ந்து நடந்தார்கள் என்பது கெபிக்குப் பின்னால் நின்றார்கள் என்று ஆகி, அப்புறம் நான் எழுதக் கூச்சப்படும் அளவுக்கு ஆகியது. திங்கட்கிழமை அவள் அப்பா வந்து டி.சி. கேட்டார். தலைமைச் சகோதரி ஒரு கேள்வி கேட்கவில்லை, உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். "அந்தப் பிள்ளையின் நல்லதுக்குத்தான் டீச்சர்" என்றார் என்னிடம். உன்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ டீச்சர் மகன், நன்றாகப் படிக்கிறவன், பையன். பெண்கள் பள்ளிக்கூடம் என்று கட்டிய இடத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பிவிட்டுப் பையனை வைத்துக்கொண்டோம்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், இது உனக்குத் தெரியாது. டி.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் பொறுப்பு என்று சொல்லத்தான் போனேன். பிலோமினா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அம்மா அழுதாள். அந்த மனுஷன் சத்தம் போடவில்லை, மரியாதை குறையாமல்தான் பேசினார். "ஏனுங்க டீச்சர், அந்தப் பாதையில ரெண்டு பேருந்தான நடந்தாங்க? உங்க பையனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? நாளைக்கும் பேக்கை மாட்டிட்டு ஸ்கூலுக்குத்தான போவான்? எம் புள்ள பேருதானுங்க கடை கடையா நிக்குது. நான் வேற என்னங்க பண்ணட்டும்?" என்றார். ஊர் பேசுகிறது என்று பெண்ணை நிறுத்திய அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடம்தான். அது வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதாய். "நானுந்தானம்மா நடந்தேன். கொடை என்னுதுதான. என்னையும் அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி அவளயும் வரச் சொல்லுங்க" என்றாய். நான் உன் தலையைத் தடவி, சாப்பிட்டுவிட்டுப் படி, இதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். நான் செய்த தப்பு அதுதான் கண்ணு. பதினைந்து வயதில் உனக்குச் சரியாகத் தெரிந்ததை, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தலைமைச் சகோதரியின் முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்திருக்க வேண்டும். நான் உன்னைச் சாப்பிட வைத்தேன். நீ நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டாய், படித்தாய், முதல் மார்க் வாங்கினாய். அதற்கப்புறம் அவள் பெயரை நம் வீட்டில் நீ சொல்லவே இல்லை. நானும் அதை நீ பெரியவனாகிவிட்டதன் அடையாளம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

பிலோமினாவைக் கருமத்தம்பட்டியில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மில் வேலைக்குப் போனாள், கல்யாணமும் சீக்கிரமே நடந்தது. போன வருடம் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். அடையாளம் தெரியாமல் நான் தாண்டிப் போக, அவளே வந்து, "டீச்சர், பிலோமினாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் டிகிரி படிக்க வைத்துவிட்டாள். "சேவியர் அங்கயே ஹெட்மாஸ்டர் ஆயிட்டாருங்களாமே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாக வைத்திருந்தேன். ஜூபிலி மலருக்குப் பழைய போட்டோ வேண்டும் என்று நீ கேட்டாயே, உன் வகுப்புப் படத்தைக் கொடுத்தேனே, அதில் இரண்டாம் வரிசையில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பையனும் பெண்ணும் சேர்ந்து படிக்க ஆரம்பித்து நாற்பது வருடம் என்று அந்தப் படத்தின் மேலே கொட்டை எழுத்தில் போடப்போகிறாய்.

எதைக் கொண்டாடுகிறோம் என்று யோசித்துப் பார். இரண்டு பேரையும் ஒரே கேட்டுக்குள் விட்டதைத்தானா? உள்ளே விட்டு நாற்பது வருடமாகப் பக்கத்தில் வராதே, பேசாதே, பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு பையன் நனைந்த பெண்ணுக்குச் சுவெட்டர் கொடுத்ததும் குலைநடுங்கிப் போகிறோம். அந்தப் பையன் செய்தது நல்ல காரியம். நீ குடையைக் கொடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் விரும்புகிறார்கள் என்றால் கூப்பிட்டுப் பேசு, பரீட்சை முடியட்டும் என்று சொல், இரண்டு வீட்டிலும் சொல். தண்டனை கொடுத்தே தீர வேண்டும் என்றால் இருவருக்கும் ஒரே தண்டனை கொடு. இரண்டு பேரையும் விழாவிலிருந்து நிறுத்து, எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் வாய் திறக்க மாட்டேன். ஒருத்தியை மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு அதற்கு நல்லது என்று பெயர் வைக்காதே.

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. சிஸ்டர்களுக்குப் பதிலாக வந்த முதல் தலைமை ஆசிரியர் நீ, எப்போது வழுக்கி விழுவாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுவதாக உன் மனைவி சொன்னாள். "அம்மா, தம்பிகிட்ட ரொம்பக் கடுமையா எழுதாதீங்க, அவனுக்கு வேலை போயிட்டா?" என்று உன் அக்கா பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தாளாளர் சிஸ்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நீ நின்று பேசினால் அவர் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ அந்த டி.சி.யில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வயதில் நிஷாந்தினி யாரோ ஒருவர் கல்யாணத்தில் உன்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பாள்.

செல்வியிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. என் மகன் நல்லவன் என்று மட்டும் சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறேன். அன்று உன் அறைக்குள் அவர்கள் இருவரும் வரும்போது கூட நானும் இருப்பேன். உன் அம்மா என்பதால் எழுந்து நின்று எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவாய், உன் வளர்ப்பு அப்படி. எனக்குப் போட வேண்டாம். செல்விக்குப் போடு. அவள் உட்கார்ந்த பிறகு, என்ன சொல்லப்போகிறாயோ அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்.

அம்மா